சேலத்து பொண்ணை 1944-க்கு அனுப்பி லவ் பண்ண வைக்கறது எப்படி: ஷார்ட் ஃபிலிம் எடுக்கறவங்களுக்கு

டைம் ட்ராவல் லவ் ஸ்டோரின்னு ஆரம்பிச்சாலே நம்ம பசங்க மொதல்ல மெஷின் எப்படி இருக்கணும்னு உக்காந்து பேப்பர்ல வரைய ஆரம்பிச்சிடறாங்க, வாட்ச்சா, லிஃப்டா, பழைய ரேடியோவான்னு. அதை விடுங்க. மெஷினைப் பாத்து யாரும் அழப் போறதில்ல. மொதல்ல வருஷத்தை முடிவு பண்ணுங்க, முடிஞ்சா மாசத்தையும். "அந்தக் காலத்துல"ன்னு பொதுவா எழுதினா ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு மாட்டு வண்டி, தாவணில ஹீரோயின், வேஷ்டில ஹீரோ, அவ்ளோதான் வரும், அது கல்யாண போட்டோஷூட். குறிப்பிட்ட வருஷம்னா அந்த வருஷமே உங்களுக்கு வில்லன் குடுக்கும், காமெடி குடுக்கும், ரெண்டு பேரும் ஏன் சேர முடியாதுன்னு காரணமும் குடுக்கும். நீங்க தனியா ஒரு மீசைக்கார மாமாவை வில்லனா எழுத வேண்டியதில்ல.

சேலத்துல எடுக்கறீங்கன்னா நான் சொல்ற வருஷம் 1944. கதை ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல முடியட்டும். ஏன்னு வரிசையா சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், ஏற்காடுன்னதும் நெறைய பேருக்கு வெள்ளைக்கார துரை ஞாபகம் வந்துடுது. கலெக்டர் காக்பர்ன் 1820கள்ல மலைல காபி போட்டாரு, அதனால நம்ம பொண்ணு கிரேஞ்ச் எஸ்டேட்ல போய் குதிரைல வர்ற துரையை லவ் பண்ணட்டும்னு. வேணாங்க. ஷூட்டிங்குக்கு வெள்ளைக்காரனை எங்க தேடுவீங்கங்கறது ஒரு பக்கம், அந்த மாதிரி கதைல எஸ்டேட்ல வேலை பாத்தவங்களும் சேர்வராயன் மலையோட பழங்குடி மலையாளி மக்களும் (கேரளாக்காரங்க இல்ல) பின்னாடி நின்னு கை தட்டற கூட்டமா மட்டும்தான் வருவாங்க. அவங்களை வெச்சு கதை பண்ணணும்னா அது தனிப் படம், மலை ஊருக்குப் போய் அவங்க கூட உக்காந்து பேசி எழுத வேண்டியது. ஒரு பாட்டுக்கு டான்ஸ் ஆட மட்டும் கூப்பிடாதீங்க.

1944 ஏன்னா, அப்ப மாடர்ன் தியேட்டர்ஸ் ஓடிட்டு இருக்கு. டி.ஆர்.சுந்தரம் 1935-ல ஏற்காடு ரோட்டுல ஆரம்பிச்ச ஸ்டூடியோ, மொதல் படம் 1937-ல வந்துச்சு, 1938-ல மலையாளத்தோட மொதல் பேசும் படத்தையே இங்க சேலத்துல இருந்துதான் எடுத்தாங்க, மொத்தமா நூறு படத்துக்கு மேல. இப்ப வாசல் வளைவு மட்டும்தான் நிக்குது, அதைத் தாண்டித்தான் நாம ஏற்காடு போறோம், பாதி பேர் திரும்பிக் கூட பாக்கறதில்ல. மலையும் ஸ்டூடியோவும் ஒரே ரோட்டுல இருக்கறது உங்க கதைக்கு எவ்ளோ வசதின்னு யோசிச்சுப் பாருங்க, அவ மலை மேல காலம் மாறி கீழ இறங்கி வந்தா நேரா அங்கதான் வந்து நிப்பா.

ஹீரோ யாருங்கறதுதான் அடுத்து. நடிகனா வைக்காதீங்க, டைரக்டரா வைக்காதீங்க. எடிட்டிங் ரூம்ல அசிஸ்டெண்ட். ஃபிலிமை கத்திரிக்கோலால வெட்டி ஒட்டற வேலை. இங்கதான் வருஷம் வேலை செய்யும் பாருங்க. அது உலகப்போர் நேரம், கச்சா ஃபிலிம் தட்டுப்பாடு, படம் 11,000 அடிக்கு மேல இருக்கக் கூடாதுன்னு வெள்ளைக்கார சர்க்கார் கட்டுப்பாடு போட்டிருந்துச்சு. 35 எம்.எம். ஃபிலிம்ல ஒரு அடிக்கு 16 ஃப்ரேம், செகண்டுக்கு 24 ஃப்ரேம், அப்ப ஒரு நிமிஷத்துக்கு 90 அடி, 11,000 அடின்னா ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. பாட்டுக்கு மேல பாட்டுன்னு எடுத்துப் பழகினவங்களுக்கு இது போதவே போதாது. ஒரு மூணு நிமிஷப் பாட்டை தூக்கினா 270 அடி மிச்சம். நம்ம பொண்ணு துணை நடிகையா நின்னு ஒரு பாட்டுல பத்து செகண்ட் சிரிக்கறா, அது 15 அடி. அந்தப் பாட்டை வெட்டிடுன்னு முதலாளி கிட்ட இருந்து உத்தரவு வருது. வெட்டப் போறது இவன் கை. இதுக்கு மேல லவ் சீனுக்கு என்ன வேணும் உங்களுக்கு?

இன்னொன்னு, அப்ப ஓடினது பெரும்பாலும் நைட்ரேட் ஃபிலிம், பொசுக்குன்னு தீப்பிடிச்சிக்கும், எடிட்டிங் ரூம் பக்கத்துல பீடி பத்த வைக்கவே முடியாது. அதனால அவன் பீடி குடிக்கணும்னா வெளிய மரத்தடிக்கு வந்தாகணும், அவங்க ரெண்டு பேரும் பேசிக்கற இடம் அதுதான். பாருங்க, லொகேஷன் செலவே இல்ல, ஒரு வேப்பமரம், ஒரு கல்லு.

இப்ப பொண்ணு. அவளையும் எடிட்டராவே வைங்க, கல்யாண வீடியோ எடிட் பண்ற பொண்ணு, சேலம் அம்மாபேட்டைக்காரி, 27 வயசு. லேப்டாப்புல தப்பா வெட்டினா ஒரு பட்டனைத் தட்டி திருப்பிக் கொண்டு வந்துடுவா. இவனுக்கு வெட்டினது வெட்டினதுதான். இந்த ஒரு வித்தியாசத்தை வெச்சே பாதி வசனம் எழுதிடலாம், "காலம்"ங்கற வார்த்தையே யாரும் சொல்ல வேணாம், தயவுசெஞ்சு சொல்லாதீங்க, அதைச் சொன்னா நாடகம் ஆயிடும்.

வயசுக் கணக்கு போட்டுடுங்க, இதுல சறுக்கற படம்தான் அதிகம். 1944-ல அவனுக்கு 24-ன்னா 2025-ல 105. அப்ப கிளைமாக்ஸ்ல கிழவனா வந்து கையைப் பிடிக்கறது நடக்காது. அந்த சீன் வேணும்னா நீங்க 1975 பக்கம் போகணும், கதையே வேற. அதே மாதிரி நம்ம ஆடியன்ஸ் இன்டர்வெல்லுக்குள்ள முறை கணக்கு போட்டுடுவாங்க, இவன் அவளுக்கு கொள்ளுத்தாத்தா முறை வருமா, சித்தப்பா முறை ஆகுதா, மாமன் முறையான்னு, ஃபிசிக்ஸ் ஓட்டையை கூட மன்னிச்சிடுவாங்க, இதை மன்னிக்க மாட்டாங்க. அதனால அவனை வேற ஊருக்காரனா, வேற குடும்பமா மொதல் பத்து நிமிஷத்துக்குள்ளயே தெளிவு பண்ணிடுங்க. ஆனா அவளோட சொந்தக் குடும்பம் அதே ஊர்ல இருக்கட்டும். 1944-ல அவ பாட்டி ரெண்டு வயசுக் குழந்தை, அம்மாபேட்டைல தறி வீட்டுல. அது ஏன்னு பின்னாடி வரேன்.

அனுப்பறது எப்படி? ராத்திரி, ஏற்காடு மலை மேல லேடீஸ் சீட் பக்கம், பனி. கீழ சேலம் முழுக்க வெளிச்சமா கொட்டிக் கிடக்கும், நம்ம எல்லாரும் பாத்ததுதான். பனி வந்து மூடுது, அவ ஃபோன்ல சிக்னல் தேடறா, பனி விலகுது, கீழ அங்கங்க நாலஞ்சு பொட்டு வெளிச்சம் மட்டும். இதுதான் உங்க டைம் மெஷின். இதுக்கு ஒரு பைசா கிராஃபிக்ஸ் செலவு இல்ல, மொத ஷாட்டை நிஜமா எடுங்க, ரெண்டாவது ஷாட் கறுப்புத் துணில நாலு ஓட்டை போட்டு பின்னாடி பல்பு வெச்சாலே போதும். அங்க ராத்திரி ஷூட் பண்ண அனுமதி கிடைக்கலன்னா மலைப்பாதைல சேலம் தெரியற ஏதாவது ஒரு திருப்பத்துல எடுக்கலாம், 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஆனா வளைவுலயே ட்ரைபாட் வைக்காதீங்க, பஸ் இறங்கி வரும். ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள கேமரா தூக்கிட்டு போறதுக்கு வனத்துறை அனுமதி வேணும், ட்ரோனுக்கு தனி அனுமதி, அடிவாரம் செக்போஸ்ட்லயே கேப்பாங்க. காட்டெருமை வேற சுத்துது.

ஏப்ரல்னு சொன்னேன்ல, மார்ச் ஏப்ரல்ல கோடை மழை ஒண்ணு விழுந்துச்சுன்னா எஸ்டேட்ல காபி பூக்கும், செடி முழுக்க வெள்ளையா, மல்லி மாதிரி வாசனை, ஆனா ரெண்டு மூணு நாள்ல வாடிடும். அந்த ரெண்டு நாளைப் பிடிக்கணும்னா எஸ்டேட்ல யாரையாவது தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஃபோன் வந்ததும் யூனிட்டோட ஓடணும். கெடைக்கலன்னா காபிப்பூவை மறந்துடுங்க, டிசம்பர்ல போய் சிவப்புப் பழம் தொங்கற செடியைக் காட்டி ஏப்ரல்னு சொல்லாதீங்க, ஏற்காட்டுக்காரங்க சிரிப்பாங்க.

காலைல அவ கீழ இறங்கற பஸ் கரி பஸ். போர்ல பெட்ரோலுக்கு ரேஷன், அதனால வண்டிக்குப் பின்னாடி பெரிய டிரம் மாட்டி கரியை எரிச்சு அந்த வாயுல ஓட்டினாங்க. பஸ்ஸெல்லாம் உங்களால செய்ய முடியாது, டிரம் பக்கத்துல ஒருத்தன் நின்னு விசிறி சுத்தற க்ளோஸ்-அப் ஒண்ணு, புகை, அவ முகம், சத்தம், முடிஞ்சது.

அவகிட்ட காசு இருக்காதுங்கறதை மறக்காதீங்க. ஜி.பே கிடையாது, காந்தி படம் போட்ட 500 ரூபா நோட்டை நீட்டினா அவங்களுக்கு அது விளம்பர நோட்டீஸ். அப்ப ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா, நூறு பைசா கணக்கு 1957-ல தான் வந்துச்சு. அவ கால்ல கொலுசு இருக்கு, சேலத்துப் பொண்ணாச்சே. செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் அதை வெள்ளிக்காரர்கிட்ட நீட்டறா, அவர் தராசு ஒரு தட்டுல ரூபாய் நாணயத்தைப் போட்டு எதிர்த்தட்டுல கொலுசை வெக்கறாரு, அப்ப எடைக்கு ரூபாய் எடைனுதான் சொல்வாங்க. அந்த சீனை அவசரப்படாம எடுங்க. அவ ஒத்தைக் கொலுசோட திரும்பி நடக்கற சத்தம் இருக்கு பாருங்க, ஒரு கால்ல மட்டும் சலங்கை, அதை அப்புறம் படம் முழுக்க யூஸ் பண்ணலாம், எடிட்டிங் ரூம்ல இருக்கறவனுக்கு யார் வர்றாங்கன்னு சத்தத்துலயே தெரியும்.

வசனம். 1944 ஆளு "தேவி, தாங்கள் யாரோ"ன்னு பேச மாட்டான், அது அப்ப சினிமால பேசினது, வீட்ல பேசினது இல்ல. அவன் நம்ம ஊர்க்காரன் மாதிரியே "ஏனுங்க அம்மணி"ன்னுதான் பேசுவான். அவளுக்கும் அவனுக்கும் பொதுவா இருக்கற வார்த்தைங்க எல்லாம் சினிமா வார்த்தைங்க, கட், டேக், ரீல், பிரிண்ட். அவ "ஓகே, சூப்பர்"னு சொன்னா முழிப்பான், "இந்த டேக் வேணாம்"னு சொன்னா டக்குன்னு புரிஞ்சிக்குவான். இதை வெச்சு ஒரு சண்டை எழுதுங்க, ஒரு சமாதானம் எழுதுங்க. அப்புறம் அவன் கேக்கற மொதல் கேள்வி பேரா இருக்கக் கூடாது. "எந்தப் பக்கம்? யார் வீட்டுப் பொண்ணு?" அவ அம்மாபேட்டைன்னதும் "தறிக்காரங்களா?" இப்பவும் நம்ம ஊர்ல சுத்தி வளைச்சு கேக்கற அதே கேள்வி, அன்னைக்கு நேரா கேப்பாங்க, அவ்ளோதான் வித்தியாசம். அவளுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது, தனியா இருக்கற பொண்ணு, அதுவும் ஸ்டூடியோல வேலைன்னா "சினிமாக்காரி". இதையெல்லாம் யாரும் வந்து விளக்கம் சொல்ல வேணாம், நாலு திண்ணைல நாலு கதவு சாத்தறதைக் காட்டுங்க.

இப்ப விதி. அவ போய் ஏதாவது பண்ணினா வரலாறு மாறுமா மாறாதா? ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கோங்க, நடுவுல மாத்தாதீங்க. லவ் ஸ்டோரிக்கு மாறாதுங்கறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கறேன், அதாவது அவ அங்க பண்றது எல்லாம் ஏற்கனவே நடந்து முடிஞ்சது, அவளுக்குத்தான் தெரியாது. மாத்தலாம்னு வெச்சா ஆடியன்ஸ் கணக்கு போட ஆரம்பிச்சிடுவாங்க, லவ்வை யாரும் பாக்க மாட்டாங்க.

பாட்டி விஷயம் இதுக்குத்தான். 2025 சீன்ல பாட்டி முகத்தைக் காட்டறப்பவே அம்மைத் தழும்பு தெரியணும். சின்ன வயசுல வந்தது, வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, "ரெண்டு வயசுல வந்துச்சு, ஆத்தா விட்டுட்டுப் போனா"ன்னு பாட்டியே சொல்லட்டும், ஒரே ஒரு வரி. பொண்ணு 1944-க்கு வந்து, அந்த தறி வீட்டைக் கண்டுபிடிச்சு, தொட்டில்ல கிடக்கற குழந்தையோட முகம் வழுவழுன்னு இருக்கறதைப் பாக்கறா. அப்ப அவளுக்குப் புரியுது, இனிமேதான் வரப் போகுது. அவளுக்கு இன்னொன்னும் புரியணும், பெரியம்மை ஒழிஞ்சிடுச்சுன்னு 1980-ல உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சாச்சு, ஊசி போடறதையும் நிறுத்தியாச்சு, அதனால நம்ம காலத்துப் பொண்ணு உடம்புல அதுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. 1944 ஊர்ல அவளை விட பலவீனமானவ யாருமே இல்ல. ஃபோன் வெச்சிருக்கா, எல்லாம் தெரிஞ்சவங்கற திமிர் அங்க உடையணும். நெறைய படத்துல நிகழ்காலத்துப் பொண்ணு போய் எல்லாருக்கும் பாடம் எடுத்துட்டு வருவா, எனக்கு அது சலிச்சுப் போச்சு.

அவன் எப்படிக் கண்டுபிடிக்கறான்னா, பாட்டு சீனுக்கு ரவிக்கை மாத்தி வர்றா, அவ மேல் கையைப் பாக்கறான், அவ வயசு எல்லாருக்கும் இருக்கற வட்டத் தழும்பு இல்ல. "உங்களுக்கு அம்மை குத்தலயா?" ஊர்ல வேப்பிலை கட்டின வீடு எண்ணிக்கை ஏறிட்டு இருக்கு. அவன் அவளை அம்மை குத்தறவர்கிட்ட இழுத்துட்டுப் போறான், அவ ஊசியைப் பாத்து பயந்து அவன் கையைப் பிடிக்கறா. இதுதாங்க உங்க மொதல் தொடுதல், மழைல குடை வேணாம், தடுக்கி விழற ஷாட் வேணாம். கை வீங்கி, காய்ச்சல் வந்து, பொருக்கு விழறதுக்குள்ள ரெண்டு மூணு வாரம் ஆகும், அந்த வாரங்கள்ல லவ் வளரட்டும். ஆறினதும் அவ அந்த தறி வீட்டுக்குப் போய் குழந்தையைத் தூக்கி வெச்சுக்க முடியும். குழந்தைக்கு வர்றதை அவளால நிறுத்த முடியாது, கூட இருக்க முடியும். 2025-க்கு திரும்பினா அவ கையில என்ன இருக்கும்? காசு, மோதிரம், கடிதம்னு எதையும் கொண்டு வர வேணாம், அந்தத் தழும்பு மட்டும். 1998-ல பொறந்த பொண்ணு கைல எப்படி இந்தத் தழும்புன்னு டாக்டர் குழம்பற சீன் எழுதுங்க. மேக்கப்புக்கு உங்க வீட்டுப் பெரியவங்க கையைப் போட்டோ எடுத்துக்கோங்க, குழி விழுந்து ஓரத்துல சுருக்கம் இருக்கும், பி.சி.ஜி (காசநோய் தடுப்பூசி) தழும்பு மாதிரி இருக்காது, அதனால அதை இடது கைல பி.சி.ஜி இருக்கற எடத்துல போய் வரையாதீங்க, வலது கைல வைங்க.

கல்யாணம் பண்ணிக்கலாமான்னு ஒரு சீன் வரத்தான் செய்யும். அதுக்கும் வருஷம்தான் பதில் சொல்லும். அப்ப இந்து ஆம்பளை ரெண்டு கல்யாணம் பண்றது சட்டப்படி தப்பே இல்ல, மெட்ராஸ் மாகாணத்துல அதைத் தடுத்தது 1949-ல. அதனால அவனுக்கு ஊர்ல ஏற்கனவே ஒரு பொண்டாட்டி இருக்கலாம், அதை அவன் மறைக்கக் கூட இல்ல, சொல்லணும்னே தோணல. வில்லத்தனமே இல்லாம அவ மனசு உடைய இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. அவனை நல்லவனாவே வெச்சுக்கணும்னா இந்த வழி வேணாம், சுயமரியாதைக் கல்யாணம்னு போங்க, அதுக்கும் அப்ப சட்ட அங்கீகாரம் கிடையாது, அண்ணா ஆட்சில 1967-ல தான் சட்டம் வந்துச்சு. ரெண்டு மாலை, நாலு சாட்சி, எந்த ரெஜிஸ்டர்லயும் ஒரு வரி கிடையாது. 2025-ல போய் எந்த ஆபீஸ்ல தேடினாலும் கிடைக்காத கல்யாணம். 1944 ஆகஸ்ட் 27 சேலத்துல நீதிக்கட்சி மாநாடு நடந்து திராவிடர் கழகம்னு பேர் மாறின நாள், ஊர் பூரா வெளியூர்க் கூட்டம். கல்யாணத்தை அன்னைக்கு வைங்க, அவளைத் தொலைக்கறதையும் அன்னைக்கே அந்தக் கூட்டத்துல வைங்க. கூட்டத்தைக் காட்ட ஆள் வேணாம், சந்துக்குள்ள அவங்க நிக்க, மைக் சத்தமும் கால் சத்தமும் வெளிய ஓடட்டும்.

ஷூட்டிங்குக்கு சேலத்துல குகை ஏரியா, செவ்வாய்ப்பேட்டை சந்துகள்ல ஓட்டு வீடு, திண்ணை இன்னும் இருக்கு. மறைக்க வேண்டியது: கறுப்பு சின்டெக்ஸ் டேங்க், டிஷ், ஏசி பெட்டி, கேபிள், பிளாஸ்டிக் குடம், ஃப்ளெக்ஸ். காலைல அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஏழுக்குள்ள முடிச்சிடுங்க, அதுக்கு மேல பால் வண்டியும் ஸ்கூல் வேனும் வந்துடும். ஹீரோயின் புருவத்தை ஷூட்டிங்குக்கு ஒரு மாசம் முன்னாடியே பார்லர் பக்கம் போகாம விடச் சொல்லாதீங்க, அவ 2025 பொண்ணு, திருத்தின புருவத்தோடதான் போயிருப்பா, மாசம் போகப் போக வளரணும், அதை வரிசையா எடுக்க முடிஞ்சா ரொம்ப நல்லா இருக்கும். மத்த பொம்பளைங்களுக்கு பாலியஸ்டர் சேலை கட்டாதீங்க, கைத்தறி பருத்திதான், அதுவும் கொஞ்சம் பழசா, 1943-ல இருந்தே துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு இருந்துச்சு.

கலரை பத்தி எல்லாரும் கேப்பாங்க. 1944-ஐ கறுப்பு வெள்ளைல எடுக்காதீங்க. சினிமாதான் கறுப்பு வெள்ளை, ஜனங்க கலர்லதான் வாழ்ந்தாங்க, தமிழ்ல மொதல் முழுநீள கலர் படமே 1956-ல இதே ஸ்டூடியோ எடுத்ததுதான். வெட்டின அந்த 15 அடில அவ சிரிக்கறது மட்டும் கறுப்பு வெள்ளைல வரட்டும். அவன் அந்தத் துண்டைத் தகர டப்பால போட்டு வெக்கறான்னு வைங்க, ஆனா 2025-ல அவ அதைத் திறந்தா படம் ஓடாது, நைட்ரேட் ஃபிலிம் கெட்டுப் போச்சுன்னா கடைசில பழுப்புப் பொடியாத்தான் நிக்கும். பாட்டுப்புத்தகம் மட்டும் பழைய பேப்பர் கடைல கிடைக்கலாம், படத்துல இல்லாத ஒரு பாட்டு அதுல அச்சாகி இருக்கும்.

பழைய பாட்டு போடணும்னு ஆசை வரும். ஒலிப்பதிவுக்கு உரிமை வெளியான வருஷத்துல இருந்து 60 வருஷம்தான், அதனால 40கள் இசைத்தட்டு பிரச்சனை இல்லன்னு சொல்லுவாங்க, ஆனா பாட்டு எழுதினவர், மெட்டு போட்டவர் உரிமை அவங்க காலமாகி 60 வருஷம் வரைக்கும் இருக்கு, அதைப் பாக்காம போட்டா அப்லோட் பண்ணின அன்னைக்கே காப்பிரைட் ஸ்ட்ரைக் விழும். புதுசாவே ஒரு பாட்டு எழுதுங்க, ஆர்மோனியம், தபேலா, ஒரு வயலின், மூணு நிமிஷத்துக்குள்ள, ஏன்னா இசைத்தட்டு ஒரு பக்கம் அவ்ளோதான் பிடிக்கும். மைக்கை ஒண்ணே ஒண்ணு நடுவுல வெச்சு எல்லாரையும் சுத்தி நிக்க வெச்சு பதிவு பண்ணுங்க, சத்தமா வாசிக்கறவரை தள்ளி நிக்கச் சொல்லுங்க. படம் அரை மணி நேரத்தைத் தாண்டுச்சுன்னா டாக்டர் சீனை மொதல்ல தூக்கிடுங்க, தழும்பை அவ கண்ணாடில பாத்தாலே போதும்.